தீர்ப்புக்கு முன் வந்த ரோல்ஸ்

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அது மூன்று பேர் உட்கார்ந்து நம் தலைவிதியை முடிவு செய்யும் அறைதான். எனக்கு இது தாமதமாகத்தான் விளங்கியது.

முதுகலைக்கு நான் எடுத்த தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்க மாநிலத்தில் நடந்த லெப்டினன்ட் கவர்னர் தேர்தல். ஆளுநர் நலமாக இருக்கும்வரை அந்தத் துணைப் பதவிக்குப் பெரிதாக வேலை கிடையாது. (நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் வீட்டில் இதை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.) அந்தப் பதவிக்காகவே ஒரு வேட்பாளர் ஊருக்கெல்லாம் விருந்து வைத்து வென்றிருந்தார். அந்த வயதில் எனக்கு நேர்மை கொஞ்சம் கூடுதல். மனிதரைப் பக்கம் பக்கமாகக் கிழித்திருந்தேன்.

டவுன்டவுனில், பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் பக்கத்து ஊரான லொங்குய்யில் காத்திருந்த வேலை கிடைக்கும். கேள்விகளை ஒருவாறு சமாளித்தேன். முடிவு பேசுவதற்காக என்னையும், பார்க்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவையும் வெளியே போகச் சொன்னார்கள். அப்பா மட்டும் வாசல் பக்கம் போகாமல் தேர்வாளர்களின் மேசைக்குப் போனார்.

எங்கள் ஆட்களின் கூட்டங்களில் முன்வரிசைப் பெரியவர்களைப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்பும் வழக்கமில்லை. அப்பா பையிலிருந்து சரிகைச் சால்வையை எடுத்துத் தலைமைத் தேர்வாளர் அம்மையாருக்குப் போர்த்தினார். பிறகு மட்டன் ரோல்ஸ் தட்டை நீட்டினார். மூவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

அம்மையார் தோளில் சால்வையோடு ரோல்ஸை ஒரு கடி கடித்து, நிதானமாக விழுங்கிவிட்டு, "உங்கள் ஆய்வின் கடைசி வரியை ஒருமுறை வாசியுங்கள்" என்றார்.

வாசித்தேன். "முடிவு சொல்ல வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே விருந்து வைப்பவர், தன் தகுதியில் நம்பிக்கை இல்லாதவர்."

மற்ற இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"பிள்ளை, அவ என்ன கேக்கிறா?" என்றார் அப்பா. அவருக்கு உணவகச் சமையலறையில் பழகிய பிரெஞ்சு மட்டும்தான் தெரியும்.

"உறைப்பு கூடிப்போச்சாம், அப்பா."

"நான் மிளகாய் குறைச்செல்லோ போட்டனான்" என்றார், முகம் வாடிப்போய்.

அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் காத்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டுத் தேர்ச்சி என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: லஞ்சத்துக்கும் விருந்தோம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஓர் அத்தியாயம் சேர்க்க வேண்டும். மேசையில் தட்டு காலியாக இருந்தது. அந்த அத்தியாயத்தை எழுத ஒரு கோடைகாலமே போனது.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் ரோல்ஸ் தட்டைத் தூக்கினாலும் தம்பி அதைக் கையால் மூடிக்கொண்டு, "வோட்டு எண்ணி முடிஞ்சுதோ?" என்று கேட்பான்.

அப்பாவுக்கு இதில் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

"அது எப்பவோ முடிஞ்சுது. வெண்டிட்டம்" என்பார்.