நான் ‘தெரியுது’ என்று சொன்ன இடத்தை வெட்டச் சொல்லுங்கள்

ஓசூர்,
9.9.2008

மதிப்பிற்குரிய மச்சான் சௌந்தரராஜன் அவர்களுக்கு,

தங்கதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கைக்கும் உங்கள் மகள் ஸ்வாதிக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்வாதி அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் கோவில்பட்டிக்கு எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளவும்.

அறிவியலும் ஆன்மிகமும் கைகோத்தால் கழிவு கலந்த நம் ஆறு குணமாகும் என்று அவள் படம் எடுக்கிறாள் அல்லவா, அதற்காகக் கெலவரப்பள்ளி அணையில் நுரையோடு தண்ணீர் மொண்டு, ஒரு பாட்டிலை என்னிடம் தந்தாள். கம்பெனி ஆய்வகத்தில் இருந்த பழக்கத்தில், முறைப்படி நன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். ஒரே கலங்கல். மீதித் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் வைத்து, கரையில் பஜனைக்காரர்கள் மத்தியானம் வரை பாடினார்கள். பிறகு மேலாக மொண்டு கொடுத்தார்கள். அதைக் குலுக்க எனக்கு மனம் வரவில்லை, சாமித் தண்ணீர் ஆயிற்றே. தெளிவாக இருந்தது. அசையாமல் வைத்தால் எந்தத் தண்ணீரும் தெளியத்தானே செய்யும்! “மாமா, வித்தியாசம் தெரியுதா?” என்றாள். காமிராவில் சிவப்பு விளக்கு எரிகிறது, பாடிய பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். “தெரியுது” என்று சொல்லிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நமக்குப் பால் ஊற்றும் மாரம்மா மறுநாள் ஒரு பாட்டிலோடு வந்து, காமிரா முன்னாடியே, “கம்பெனி சாரே சொல்லிட்டாரு, இனிமே செனை மாட்டுக்கு இந்தத் தண்ணிதான்” என்கிறாள். அப்போதும் நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு இருப்பது அந்த ஒரு மாடு. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? ஞாயிற்றுக்கிழமை படத்தை ஊருக்கே போட்டுக் காட்டப்போகிறார்களாம். தயவுசெய்து நான் வரும் இடத்தை வெட்டச் சொல்லுங்கள். நான் எழுதியதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

அங்கே எல்லோருக்கும் மழையும் நல்ல உடம்பும் வாய்க்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
தங்கதுரை

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மாரம்மா மாட்டுக்கு வாளியை நீட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே ஓடினேன். “குடுக்காதே! அது தெளிஞ்ச தண்ணி, சுத்தமான தண்ணி இல்ல! மண்ணுதான் அடியில தங்கியிருக்கு, கரைஞ்ச விஷம் அப்படியே இருக்கு!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் சிரிக்கிறாள். “இது போர் தண்ணி, சாரே! நொரத் தண்ணிய மாட்டுக்குக் காட்டுவாங்களா? படத்துல ஒரு ஓரமா வரலாம்னு பாட்டில் எடுத்தாந்தேன்!” திரும்பினால் ஸ்வாதி காமிராவோடு நிற்கிறாள். “இத அன்னைக்கே ஏன் மாமா சொல்லல? பஜனை நம்ம மனசத் தெளிய வைக்கும். தண்ணியச் சுத்தம் பண்ண வேற வேலை பாக்கணும்னு நீங்க சொல்லிட்டீங்க. படம் இதுலதான் முடியுது” என்கிறாள். ஆகையால் ‘தெரியுது’ என்று சொன்னது இருந்துவிட்டுப் போகட்டும். நான் வெறும் துண்டோடு ஓடியதை மட்டும் எப்படியாவது வெட்டச் சொல்லுங்கள்.