அரை இஞ்சு அளந்த புயல்

புயலைச் சாட்டிலைட் வைத்து அளப்பவர்கள் உண்டு. விமானத்தில் ஏறி அதன் வயிற்றுக்குள்ளேயே புகுந்து அளப்பவர்களும் உண்டு. இஞ்ச் டேப் வைத்து அளந்தவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தவர். இத்தனைக்கும் கடலையே பார்த்ததில்லை. பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பாண்டிச்சேரி.

"போலாம்ங்க. ஆனா அது நிக்காம ஆடிட்டே இருக்குமாமே? ஒரு எடத்துல நிக்காத எதையும் எனக்கு அளக்க வராது" என்பார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவே 'அரை இஞ்சு' என்றுதான் கூப்பிட்டது. எதைத் தைத்தாலும் "உள்ள அரை இஞ்சு வுட்டு வெச்சிருக்கேன், பின்னாடி பிரிச்சிக்கலாம்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். அது அரை இஞ்சோடு நின்றதே கிடையாது. ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை யாருக்குமே கை கொடுக்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். பாவம், அவனுக்கு ஒரு கையில் பூச்செண்டு. இன்னொரு கை அரை இஞ்சு தைத்த பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தேன். ஒரு தனியார் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் மாதமே ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்தேன். வந்ததைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொரு டீச்சருக்கும் இடம் இருந்தது.

"என்னங்க இது, இவ்ளோ லூஸா?"

"டீச்சர் வேலைக்கு வந்திருக்கீங்க. இனிமே உக்காந்தே இருப்பீங்க. வெச்சிக்குங்க, ரெண்டு வருசத்துல கரெக்டா வரும்."

ரெண்டு வருஷத்தில் கரெக்டாக வந்தது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் ஒரு வெளிநாட்டு அம்மா. வருஷாவருஷம் கார்த்திகைக்கு வந்து, எதிர் கெஸ்ட் ஹவுஸில் தங்கி, பங்குனியில் ஊர் திரும்புவார். ஊர் என்றால் அட்லாண்டிக் கடலின் அந்தப் பக்கம் ஒரு குட்டித் தீவு. நம்மைப் போலவே நிறம். புடவை கட்டினால் போளூர்க்காரர் என்று சொல்லலாம். கிரிவலம் வருபவர்கள் அவரிடம் தமிழில் வழி கேட்பார்கள். அவரும் ஒன்றும் புரியாமல் கையைக் காட்டுவார். அது சரியான வழியாகவே இருக்கும்.

அரை இஞ்சு அவரை 'நம்மம்மா' என்பார். இருவருக்கும் ஆறு வருஷமாகத் தீராத சண்டை ஒன்று உண்டு. ஜிப்பாவுக்கு ரெண்டு பாக்கெட் வேண்டும் என்பது நம்மம்மாவின் கட்சி. ஒன்று போதும் என்பது இவர் கட்சி. "ரெண்டு வெச்சா, எதுல வெச்சோம்னு தேடியே ஆயுசு போயிடும்" என்று இவர் தமிழில் கத்துவார். அவர் இங்கிலீஷில் கத்துவார். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியாததால் சண்டை நன்றாகவே நடந்தது. புயல் வந்த வருஷம் மட்டும் கொஞ்சம் அத்துமீறிவிட்டது. இவர் வலது பக்கம் பாக்கெட் மாதிரி ஒரு மூடி மட்டும் தைத்து, உள்ளே பையே வைக்காமல் கொடுத்துவிட்டார். நம்மம்மா ஜிப்பாவை மேசையில் வீசிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"போனா போறாங்க" என்றார் அரை இஞ்சு. அன்றைக்கு மட்டும் அதை எட்டுத் தடவை சொன்னார்.

புரட்டாசியில், காலாண்டு விடுமுறையின் முதல் நாள் காலை, என் போனுக்கு நம்மம்மாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. பெரிய புயல் வருகிறதாம். மலையைச் சுற்றி நடப்பவர்களிடம் சொல்லி எங்களுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளச் சொல் என்றார். 'அப்புறம் அந்த டெய்லரிடம் சொல்லு...' என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒரே கரகரப்பு. பதில் போட்டேன், திரும்ப ஒன்றும் வரவில்லை.

கீழே போய் அரை இஞ்சுக்குப் போட்டுக் காட்டினேன். மிஷினை நிறுத்தினார்.

"டெய்லர்கிட்ட சொல்லுன்னா, இன்னான்னு?"

"தெரியலையே. கட் ஆயிடுச்சு."

"கூண்டு ஏத்திட்டாங்களா? எத்தினாம் நம்பர்?"

நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு அங்கே கிடையாது, வேறு கணக்கு என்று சொல்லி, போனில் தேடிப் பார்த்தேன். நாலாம் வகை. அஞ்சுதான் கடைசி.

"எந்தத் தீவு டீச்சர்?"

அங்கேதான் எங்கள் குழப்பம் ஆரம்பித்தது. நம்மம்மா ஊர்ப் பேர் சொல்லியிருக்கிறார். 'செயின்ட்' என்று தொடங்கும் என்பது வரை எங்கள் இருவருக்கும் ஞாபகம். வரைபடத்தைத் திறந்தால் அந்தக் கடல் முழுக்கச் செயின்ட்களாகவே கிடந்தார்கள்.

"நீங்க ஜியாக்ரஃபி டீச்சர்தானே?"

"நான் ஹிஸ்டரிங்க."

"ஒரே புக்குலதானே இருக்குது?"

சமூக அறிவியல் புத்தகம் அப்படித்தான் இருக்கிறது.

வெட்டும் மேசையில் இருந்த துணிகளை எல்லாம் தள்ளிவிட்டு, என் போனைப் பார்த்துச் சாக்பீஸால் கடல் வரைந்தார். தீவுக்கு ஒரு பட்டன். எட்டு பட்டன்கள். புயலுக்கு, மிஷினில் நூல் சுற்றிப் போடும் ஒரு பாபின். நம்மம்மா தீவில் நடுவில் ஒரு மலை, அதைச் சுற்றி ஒரு ரோடு உண்டு என்று முன்பு சொன்னதை வைத்து நாலாவது பட்டன்தான் அது என்று முடிவு செய்தோம். பின்னால் பார்த்தபோது பாதித் தீவுகளில் மலை இருந்தது, சுற்றி ரோடும் இருந்தது.

புயலுக்கு ஒரு பெண்ணின் பேர் வைத்திருந்தார்கள். அது அவர் வாயில் நுழையவில்லை. அதனால் புயலை 'அந்தம்மா' என்றார். புயல் போகக்கூடிய பாதையை வெள்ளையாக, போகப் போக அகலமாக வரைந்திருந்த படத்தைக் காட்டினேன். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"அம்பர்லா கட்டு! எங்க போவுதுன்னு அவனுக்கே டவுட்டு. அதான் கீழ அகலமா வுட்டிருக்கான்."

இதைவிடத் தெளிவாக அந்தப் படத்தை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புது நிலவரம் வரும். வந்தவுடன் டேப்பை வைத்து அளந்து பாபினை நகர்த்துவார். பிறகு சந்து முனை டீக்கடைக்குப் போய் வள்ளியக்காவிடம் அறிவிப்பார். "அந்தம்மா மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு ஜாஸ்தி சுத்துறாங்க. நம்மம்மா பாவம், வீட்டுக்குள்ளயே இருக்காங்க."

வள்ளியக்காவுக்கு ரெண்டு அம்மாவும் ஒரே அம்மாவாகத்தான் காதில் விழுந்தார்கள்.

"எந்தம்மா? ஜிப்பா போடுமே, அந்தம்மாவா? இருநூறு கிலோமீட்டரா? பைக்கிலயா?"

"கரையைக் கடக்கப் போறாங்கக்கா."

"நீச்சல்லாம் தெரியுமா அவங்களுக்கு!"

மாலைக்குள் ஆட்டோ ஸ்டாண்ட் வரை சேதி போய்விட்டது. ஏழுமலை என்கிற ஆட்டோக்காரர் வந்து, "அந்தம்மா எங்க எறங்கறாங்க? நானே போய் இட்டாந்துடறேன்" என்றார். அவருடைய சட்டை அங்கே பட்டன் இல்லாமல் கிடந்தது. அரை இஞ்சு பேசிக்கொண்டே மேசையில் இருந்து ஒரு பட்டனை எடுத்து, தைத்து, கொடுத்து அனுப்பினார். போன பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். ஏழு தீவுகள்தான் இருந்தன.

"ஆறாவது போயிடுச்சி. பரவால்ல. அது நம்மது இல்ல" என்றார்.

மறுநாள் காலை அந்தம்மா வடக்கே திரும்பினாள். நாலாவது பட்டனுக்கும் பாபினுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அரை இஞ்சு தெருவுக்கே டீ சொன்னார். கையில் கிளாஸோடு நாங்கள் நின்றிருந்தபோது, முதல் நாள் லீவில் போயிருந்த கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் பெரிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"டீச்சர், நம்மம்மா விலாசம் கிடைச்சிடுச்சு."

படித்தேன். வரைபடத்தில் தேடினேன். மறுபடி படித்தேன்.

"எத்தினாவது பட்டன்?" என்று கேட்டார் அரை இஞ்சு.

ஆறாவது பட்டன் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

ஏழுமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் சவாரியில் இருந்தார். போனில் அரை இஞ்சு கத்தியது கோபுரம் வரை கேட்டிருக்கும். "யோவ், உன் சட்டையில மேல இருந்து மூணாவது பட்டனு... அது நம்மம்மா ஊருய்யா! உடனே வா!" ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வந்தார். நெஞ்சோடு இருந்த பட்டனை அரை இஞ்சு கத்தரித்து எடுத்து, மேசையில் அதன் இடத்தில் வைத்து, டேப்பை நீட்டினார். பாபின் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நமக்குக் காலை பத்து மணி. அங்கே நள்ளிரவு தாண்டிய இருட்டு.

"அந்தம்மாவுக்கு நடுவுல கண்ணு இருக்குதுன்னீங்களே டீச்சர். கண்ணு இருந்துமா இப்டி வரா?" என்றார். பிறகு, "போனைக் குடுங்க" என்று வாங்கினார்.

நம்மம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவர் பேசினார்.

"அம்மா, டெய்லர் பேசறேன். ஜன்னல் பக்கம் நிக்காதீங்க. தகரம் பறந்து வரும். சாமான் போனா போவுது, வுட்டுடுங்க. கெட்டியான கட்டடமா பார்த்துப் போயிடுங்க. தலையில எதுனா வெச்சிக்குங்க..."

அனுப்பினோம். மறுபடி பேசினார். மறுபடி. ஒன்பதாவதில் திட்டினார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனீங்களா? அப்டி இன்னா கோவம்?" பத்தாவதில், "ரெண்டு பாக்கெட்டுந்தானே? வெச்சித் தரேன். நாலு கேட்டாலும் வெச்சித் தரேன்" என்றார். பதினொன்று வரை எல்லாவற்றுக்கும் ரெண்டு டிக் விழுந்தது. பன்னிரண்டாவதுக்கு ஒற்றை டிக். அது அப்படியே நின்றது.

இரண்டு நாள் நின்றது. செய்தியில் ஓடிய படங்களில் கூரைகள் இல்லை, தென்னைகளுக்குத் தலைகள் இல்லை. எந்தத் தீவு என்று கீழே போட்டார்கள். படித்து முடிப்பதற்குள் மாற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அரை இஞ்சு தைத்துக்கொண்டே இருந்தார். தைத்தது எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, தெரியாத எண்ணில் இருந்து நம்மம்மாவின் குரல். நான் படியில் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மாடியிலேயே நின்றுவிட்டது. கடையில் வள்ளியக்காவும் ஏழுமலையும் இருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

"கூரை போயிடுச்சாம். அவங்களுக்கு ஒன்னும் இல்ல. பள்ளிக்கூடத்துல இருக்காங்க, நாப்பது பேரோட."

வள்ளியக்கா மலை இருக்கும் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அன்னிக்கு ராத்திரி கரன்ட் இல்லையாம். குழந்தைங்கள்லாம் ஒரே அழுகையாம். அப்ப உங்க குரல் ஒன்னொன்னா வந்திருக்கு. என்ன சொல்றீங்கன்னு யாருக்கும் புரியல. அருணாசல மலையில இருந்து யாரோ பெரியவர் நமக்காக மந்திரம் ஓதறார்னு நினைச்சி, போனை நடுவுல வெச்சி எல்லாரும் கைகோத்து உக்காந்தாங்களாம். ஒவ்வொன்னும் முடியறப்ப ஆமென் சொன்னாங்களாம்."

அரை இஞ்சு என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார்.

"திட்டினதுக்குமா?"

"அதைத்தான் ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்களாம். ரொம்ப உருக்கமா இருந்துதாம்."

வள்ளியக்கா சிரித்த சிரிப்பில் அரை இஞ்சும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கையில் கிடைத்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது யாரோ தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கைத் துணி.

"டெய்லர்கிட்ட சொல்லுன்னாங்களே, அது இன்னான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். புயலில் மறந்துவிட்டதாம்.

மறுநாள் பள்ளி திறந்தது. காலையில் கைப்பையோடு கீழே இறங்கினேன். மேசையில் துணிகள் பழையபடி ஏறியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சாக்பீஸ் கடல் மேசையின் மறு ஓரம் வரை நீண்டிருந்தது. அங்கே புதிதாக மூன்று பட்டன்கள். அவர் குனிந்து டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதான் நம்மம்மா நல்லா இருக்காங்களே. இன்னும் என்ன அளக்கறீங்க?"

"அந்தம்மா இன்னும் நிக்கல டீச்சர். இந்தாண்ட போறா. இங்க மூணு தீவு கீது."

"அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது" என்றார், ஏதோ தன் பக்கம் நேர்ந்துவிட்ட தப்பைப் போல. "ஆறு மணி நேரம் ஆயிடுச்சி. புதுசா இன்னா போட்டிருக்கான், பாருங்களேன்."

பள்ளியில் மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.