மாப்பிள்ளையின் இடது கால் சாக்ஸ்

சேசு மரி சூசை துணை

போத்தனூர்,
பெரிய சனிக்கிழமை, 6-4-1996

பவானியில் இருக்கும் மரியாதைக்குரிய லியோ மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் ஞானாபரணம் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஆண்டவர் அருளால் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குப் படபடப்பு, உங்கள் தங்கைக்கு என்மேல் கோபம், மகள் அமலிக்கு அதைவிடப் பெரிய கோபம். இவை நீங்கலாக எல்லோரும் சுகம். தாங்கள் கொடுத்தனுப்பிய ஜமக்காளம் வந்து சேர்ந்தது. சாயம் போகவில்லை. ஆனால் அதை விரித்த அன்றே வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சோமனூர் ஆல்வின் சம்பந்தத்தை நம் அமலிக்குக் கொண்டு வந்தவர் தாங்கள். பையன் சாக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர், கெட்ட பழக்கம் கிடையாது, ஞாயிறு பூசை தவறமாட்டான், அம்மா அப்பா தங்கமானவர்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். காலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி. பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் எல்லோரும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். ஆல்வின் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றவில்லை. அப்படியே விறுவிறு என்று ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்து காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டார். உங்கள் தங்கை, "சாக்ஸக் கழட்டீருங்க தம்பி, புழுக்கமா இருக்குதில்லீங்க" என்று வாய்விட்டே சொன்னாள். அதற்கு அவர், "இருக்கட்டுங்க அத்தை, பழகிப்போச்சுங்க" என்றார். மச்சான், காலமெல்லாம் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே மிளகாயா மஞ்சளா என்று சொல்வேன். பிரிக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் என்று எவன் சொல்கிறானோ அவன் மூட்டையைத்தான் முதலில் பிரிப்போம். அத்தோடு இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு சாக்ஸும் நீலம்தான், ஆனால் ஜோடி இல்லை. வலது காலில் நெடுக்குக் கோடு, இடது காலில் கோடே கிடையாது!

அவர்கள் போனதும் உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள், "ஏனுங்க, சாக்ஸு கம்பெனில வேலை பாக்குறவரு சாக்ஸு போடாம பின்ன தலப்பாவா கட்டுவாரு?" என்று கேட்டுவிட்டுத் தட்டத்தில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள். எனக்கு முறுக்கும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. வெண்குஷ்டமாக இருக்குமோ, ஆறாவது விரலோ, இல்லை காலே மரக்காலோ என்று யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. ஆறாவது விரல் என்றால்கூடப் பரவாயில்லை, அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யலாமே! மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். இவருக்குக் காலில் என்ன கனம்?

சரி, மனிதனை மனிதன் இப்படிச் சந்தேகிக்கக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டு, அவரைத் தனியாக ஒரு நாள் காப்பிக்கு அழைத்தேன். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடையில் ஒரு குடம் தண்ணீர், கை தவறித் தட்டிவிட்டது போல, கவிழ்ந்துவிட்டது. கவிழ்த்தவன் நான்தான், உங்களிடம் மறைப்பானேன். அவர் சளக் சளக் என்று நனைந்த சாக்ஸோடு உள்ளே வந்தார். உங்கள் தங்கை பதறிப்போய்த் துண்டை எடுத்து வந்து, "கழட்டிக் குடுங்க தம்பி, பிழிஞ்சு காயப்போட்டறேன்" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் தோளில் தொங்கிய சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார் மச்சான்! வெளியே வந்தபோது கால் இரண்டிலும் காய்ந்த புது சாக்ஸ். அப்போதும் ஜோடி இல்லை, ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. "அதென்னுங்க தம்பி, ரண்டும் ரண்டு தினுசா இருக்குது?" என்று கேட்டேன். "ஒரு கால்ல எங்க கம்பெனி நூலுங்க மாமா, இன்னொரு கால்ல வேற கம்பெனி நூலு. எது மொதல்ல குதிகால்ல தேயுதுன்னு போட்டு நடந்து பாத்தாத்தானுங்க தெரியும்?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சாக்ஸில் மறைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் பேசியது இருக்கிறதே, கேட்கிறவனுக்குக் காது வலிக்கும். கணுக்காலோடு நிற்பது, முழங்காலுக்குக் கீழே முட்டுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எலாஸ்டிக் வைத்தது, போலீஸ்காரருக்குக் காக்கி, கன்னியாஸ்திரிகளுக்கு வெள்ளை என்று சாம்பிள் பையைக் கவிழ்த்துக் காட்டினார். எகிப்து தேசத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது சாக்ஸ் கிடைத்ததாம், அதில் பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நாலுக்கும் சேர்த்து ஒரு அறையாம், செருப்பு வார் நடுவில் நுழைவதற்காம். இந்தக் கதையை எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ஒருவேளை இவர் காலிலும் இரண்டே விரல்தானோ, என் மனதை இப்போதே பக்குவப்படுத்துகிறாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்து, சாக்ஸ் பின்ன முதன்முதலில் இயந்திரம் செய்தவர் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் என்றார். காதலி எப்போது பார்த்தாலும் ஊசியும் நூலுமாகவே உட்கார்ந்திருந்தாளாம், முகம் கொடுத்துப் பேசவில்லையாம், அந்த ஆத்திரத்தில் செய்தார் என்று ஒரு கதையாம். பாதிரியார் என்று சொன்னால் நான் மடங்கிவிடுவேன் என்று கணக்கு! "பாதிரியாருக்கு ஏதுங்க தம்பி காதலி?" என்று மடக்கினேன். "அவங்க வேற சபைங்க மாமா" என்று நழுவிவிட்டார். போகும்போது, தையல் பிசகி ஒதுக்கிய சாக்ஸ் என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். விசாரணை செய்கிறவனுக்கே லஞ்சம். உங்கள் தங்கை அதில் ஒன்றைக் குக்கர் பிடிக்கு மாட்டினாள், ஒன்றில் பூண்டு போட்டுத் தொங்கவிட்டாள், மிச்சத்தை அணில் கடிக்காமல் இருக்க மாதுளங்காய்களுக்கு மாட்டிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டு மாதுளை மரமும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்றாவது எனக்குத் தெரியும்.

மச்சான், நான் விளையாடவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். பெயரை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பங்குச் சாமியாரிடம் கொடுத்தாக வேண்டும். ஊர் அறிய ஓலை வாசித்த பிறகு வேண்டாம் என்று பின்வாங்கினால் அமலியின் பெயர் என்ன ஆகும்? எனக்கு ஒரே பெண். கான்வென்டில் சேர்த்த அன்று அவளுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டிவிட்டவன் நான்தான். சாயங்காலம் கழற்றியபோது எலாஸ்டிக் இறுக்கிப் பிஞ்சுக் காலில் வரி வரியாகச் சிவந்து கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி வளர்த்தவளை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு காலுக்குப் பின்னால் எப்படி அனுப்புவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

அப்போதுதான் பெரிய வியாழன் ஞாபகம் வந்தது. தங்களுக்குத் தெரியும், சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் எங்கள் தெரு அன்பியக் குழு சார்பாக வருடா வருடம் உட்காருகிறவன் நான். இந்த வருடம் முழங்கால் மடங்கவில்லை என்று சொல்லி, என் இடத்தை ஆல்வினுக்கு விட்டுக்கொடுத்தேன். உபதேசியார், "சோமனூர்க்காரர் காலை நம்ம சாமியார் எதுக்குங்க கழுவோணும்?" என்று முறுக்கிக்கொண்டார். "ஏனுங்க, பன்னண்டு அப்போஸ்தலரும் போத்தனூர்க்காரங்களாங்க?" என்று கேட்டேன். உடனே பெயரை எழுதிக்கொண்டார். ஆல்வினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "பெரிய பாக்கியமுங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாடி மகனே, ஆண்டவர் சந்நிதியில் எப்படித் தாழ் போடுவாய் பார்க்கிறேன் என்று முதல் வரிசையில், தூண் மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வெறுங்கால். நம் ஆல்வின் குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றினார், வலது கால் சாக்ஸைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார், அத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து காலை நீட்டிய எனக்கே, சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவார் என்பது அந்த நிமிடம் வரை ஞாபகம் வரவில்லை பாருங்கள்! வலது கால் என்னவோ நல்ல கால்தான், குறை சொல்ல முடியாது. ஐந்து விரல், வெட்டிய நகம், வெடிப்பில்லாத குதிகால். சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். இடது கால் ஷூவுக்கும் சாம்பல் சாக்ஸுக்கும் உள்ளே இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது. "இடது, சாமி, இடது!" என்று என்னையும் அறியாமல் எழுந்துவிட்டேன். முதல் வரிசையில் ஒருவன் எழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? எழுந்திருக்க வேண்டிய நேரம் போல என்று என் வரிசை எழுந்தது, அதைப் பார்த்துப் பின்வரிசை, அதைப் பார்த்துக் கோயிலே எழுந்துவிட்டது. பாடகர் குழு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டது. சாமியார் கையில் துண்டோடு திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறுமையிலும் மறக்கமாட்டேன். அன்றிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. அமலி நேற்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. பெரிய வெள்ளி ஒருசந்தி நோன்பா, என்மேல் கோபமா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஆகையால், இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் புறப்பட்டுச் சோமனூர் போய், எப்பாடு பட்டாவது அந்த இடது காலை ஒரு தரம் கண்ணால்...

மச்சான், எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியதாயிற்று. காப்பி கொண்டு வந்த அமலி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். டம்ளரை டொக் என்று வைத்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு லொள்ளுக்கு ஒரு அளவே இல்லீங்களா? அந்தக் கால்ல ஒண்ணுமே இல்லீங்கப்பா. சுண்டுவெரலு மட்டும் பக்கத்து வெரல் மேல ஏறி உக்காந்திருக்கும், அவ்வளவுதான். சின்ன வயசுல பசங்க கேலி பண்ணுனதுல இருந்து அதைய வெளிய காட்ட அவருக்குக் கூச்சமுங்க. அதுக்குப் போயி கோயிலையே எந்திரிக்க வெச்சுப்போட்டீங்களே!" என்று சொல்லி அழுதுவிட்டாள். ஒரு சுண்டுவிரல்! இவ்வளவுதானா! எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கி வைத்தது போல இருக்கிறது. பாவம், நல்ல பையன், கூச்ச சுபாவம். நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

எனவே எனக்கு முழுச் சம்மதம். தாங்கள் சோமனூர் போக வேண்டாம். பெயரை நாளை சாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஓலை மூன்று ஞாயிறும் முறைப்படி நிதானமாக வாசிக்கட்டும், கல்யாணத்தை ஆவணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஒரு அவசரமும் இல்லை. இரண்டு பேரும் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, கொஞ்சம் பேசிப் பழகட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உயிர்த்த ஆண்டவர் தங்கள் வீட்டுக்குள் சமாதானத்தோடு வந்து தங்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஞானாபரணம்

பி.கு.: கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் பெட்டி வரைக்கும் போனேன். உள்ளே போடக் கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பி வந்து, கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆல்வின் சாக்ஸைக் கழற்றியதே இல்லை. கோயிலில் கழற்றியது வலது கால் மட்டும். அப்படியிருக்க, இடது கால் சுண்டுவிரல் என் மகளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன், "அம்மா சொன்னாங்க" என்றாள். அம்மாவைக் கேட்டேன், இரண்டு நாளாகப் பேசாதவள் வாயைத் திறந்து, "எங்கண்ணன் சொன்னாருங்க" என்றாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளவும். மூன்று ஓலை, ஆவணி, பேசிப் பழகுவது, இந்தப் பேச்செல்லாம் இனி வேண்டாம். மற்ற இரண்டு ஓலைக்கும் விலக்கு வாங்கி ஒரே ஓலையில் முடித்து, வருகிற வாரமே கையைப் பிடித்துக் கொடுத்துவிடலாமா என்று சாமியார் காலில் விழப் போகிறேன். போன லீவில் அமலி உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாளே, அப்போது ஆல்வினும் பவானிக்கு சாக்ஸ் விற்க வந்தாரா என்று மட்டும் ஒரு வரி எழுதவும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது மச்சான், ஆற்றில் எவனும் சாக்ஸோடு இறங்குவதில்லை.