மச்சான் கடை மெமரி கார்டு

"கார்டுல கோளாறா, உங்க கேமராவுல கோளாறா? அதை முதல்ல சொல்லுங்க மாமா!"

"என் கேமராவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா மரியாதை கெட்டுடும் மச்சான். ஊக்கு, சீப்பு விக்கிற மாதிரி அட்டையில தொங்கவிட்டு விக்கிறியே, அதுக்குப் பேரு கார்டா?"

"அப்புறம் எதுக்கு அதை வாங்கிப் போட்டீங்க?"

"உங்க அக்கா சொன்னா!"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. விழுந்ததா, வீசப்பட்டதா என்று எதிர்வீட்டில் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. அக்கா வெளியே வந்தாள்.

"ஆமா, சொன்னேன். தம்பி கடை இருக்கும்போது அடுத்தவன் கடைக்கு ஏன் போகணும்னு சொன்னேன். அதை என் தங்கச்சி கல்யாணத்துக்கே போடுங்கன்னா சொன்னேன்?"

"வேற எதுக்குடி வாங்குறது? தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கவா?"

தெருமுனை ஸ்டூடியோக்காரர் வீட்டுச் சண்டை தெரு முழுக்கக் கேட்பது புதிதல்ல. ஆனால் அன்று ஜன்னல்களை மூட யாருக்கும் மனம் வரவில்லை. விஷயம் அப்படி.

போட்டோக்காரர் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய மாப்பிள்ளை. மச்சினியின் கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். உள்ளூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மச்சான், நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை அக்காவிடம் தள்ளிவிட்டிருந்தான். அப்படியே போனில் போடலாம். கூட வரும் பிளாஸ்டிக் கூட்டில் செருகினால் கேமராவிலும் போடலாம். கல்யாணம் மொத்தமும் அதில்தான் ஏறியது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால், "ஃபார்மட் செய்யவா?" என்று அது கேட்டது. எடுத்துத் துடைத்து, ஊதி, மறுபடி செருகினார். மறுபடியும் அதையே கேட்டது. எடுத்த படங்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வீடியோவாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. "யாரு உக்காந்து பார்க்கப் போறாங்க? வீண் செலவு" என்று சின்ன மாப்பிள்ளை முன்பே சொல்லிவிட்டார். அவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் தனியாகத் திரும்ப நினைத்தவர் அல்ல, பெண்டாட்டியோடு திரும்ப நினைத்தவர். அதற்கு விசா வேண்டும். விசாவுக்குக் கல்யாணப் படம் வேண்டும். படம் இல்லையென்றால் பெண் இங்கே, மாப்பிள்ளை அங்கே. நடுவில் கடல்.

"வந்தவங்க எல்லார் கையிலயும் போன் இருந்துச்சே, கேட்டு வாங்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். படங்கள் கொட்டின. எல்லாவற்றிலும் அனுப்பியவரின் முகமே இருந்தது. அவர் காதுக்குப் பின்னால் மணப்பெண்ணின் முழங்கை. இன்னொருவர் தலைக்கு மேலே மாப்பிள்ளையின் முன்நெற்றி. மாப்பிள்ளை முழுதாகத் தெரிந்த ஒரே படத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு புண்ணியவான், மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்ட கையை மண்டபத்துத் திரைச்சீலையில் துடைக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டான்.

"யார் எடுத்தது இது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

யாரும் பதில் போடவில்லை. ஆனால் ஏழெட்டுப் பேர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். அந்த அம்மாள் குரூப்பைவிட்டு வெளியேறினார். பின்னாலேயே அவர் பக்கத்து ஆட்கள் மொத்தமாக வெளியேறினார்கள். கல்யாணத்துக்கு வேனில் வந்தது மாதிரியே ஒரே கும்பலாக.

"அழிஞ்ச படத்தை மீட்டெடுக்க ஆள் இருக்காங்களாமே?" என்று அக்கா கேட்டாள்.

இருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் கடை. கம்ப்யூட்டர் டாக்டர் என்று பெயர். ஒண்டியாள், அம்மா மட்டும் கூட. ஆனால் கார்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

"நான் போனா ஊர் சிரிக்கும். கல்யாணப் படத்தைத் தொலைச்சவன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் கூப்பிடுவான்?" என்றார் போட்டோக்காரர்.

"நான் போனா என் கடைக் கார்டுன்னு தெரிஞ்சுடும்" என்றான் மச்சான்.

"ஏன் ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க? குடுங்க மாமா, நானே போறேன்" என்று மணப்பெண் கையை நீட்டினாள்.

போனாள், வந்தாள். மறுநாளும் போனாள். தீர்ப்போடு வந்தாள்.

"மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கறதுதான் பெரிய அளவாம். உள்ள இருக்கறது துளியூண்டு இடமாம். அது ரொம்பினதும் பழசு மேலயே புதுசை எழுதி, கடைசில எல்லாமே பாழாம். கார்டே போலின்னு சொல்லிட்டாரு. ஒண்ணும் தேறாதாம்."

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் ஈரம் இல்லை. "கூடப் பிறந்தவ கல்யாணத்துக்கே போலிச் சரக்கை வித்தியேடா, நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மொத்தமா வாங்குறேன், சில்லறையா விக்கிறேன். உள்ள பிரிச்சா பார்க்க முடியும்?"

போலி என்ற சொல் மாடியிலிருந்து இறங்கி மார்க்கெட்டைச் சுற்றி மச்சான் கடை வாசலில் போய் நின்றது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த கார்டுகளையெல்லாம் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். பயந்துபோன மச்சான், 'விற்ற கார்டு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதி மாட்டினான். அதுவரை சந்தேகப்படாதவர்களும் அதைப் படித்துவிட்டுச் சந்தேகப்பட்டார்கள்.

கடைசி வழி ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்தை மறுபடி எடுப்பது.

மண்டபத்தை ஒரு மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். மேடையில் யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிய பலூன்கள் தொங்கின. ஒரு போர்வையால் மறைத்தார்கள். சின்ன மாப்பிள்ளை வெயில் தாங்காமல் மீசையை எடுத்துவிட்டிருந்தார்; அக்காவின் கண்மையால் ஒன்று வரைந்தார்கள். வியர்வையில் அது ஒரு பக்கமாக இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், எதிர்வீட்டு அக்காவைப் பட்டுப்புடவை கட்டி அவர் இடத்தில் நிறுத்தினார்கள்.

"அத்தை, கொஞ்சம் அழுங்க" என்றார் போட்டோக்காரர்.

"எங்கேருந்து மாப்பிள்ளை அழறது? அன்னைக்கே எல்லாம் அழுது தீர்த்துட்டேனே" என்ற மாமியார், வரைந்த மீசையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்ன மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது மூளை இருக்கா? அங்க வந்தப்புறம் இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. யார்கிட்டப் பேசணும், எப்பப் பேசணும், எல்லாம் நான் சொல்வேன். நீ வாயைத் திறக்க வேண்டாம், புரியுதா?"

பெண் தலையாட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அழகான சிரிப்பு. "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ இப்படிச் சிரிக்கலையே" என்று பெற்றவளே ஆச்சரியப்பட்டாள். படங்களும் பிரமாதமாக வந்தன. போட்டோக்காரர் இந்த முறை பெரிய கடையில் பில் போட்டு வாங்கிய கார்டைப் போட்டிருந்தார்.

லீவு முடிந்து சின்ன மாப்பிள்ளை விமானம் ஏறினார். பெண் படங்களோடு விசா ஆபீஸுக்குப் போனாள். கூடப் போன போட்டோக்காரர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒவ்வொரு படமாகப் புரட்டினார்.

"இந்தப் படம் எப்போ எடுத்தது?"

"கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு சார்."

போட்டோக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இவருக்கு மீசை ஏன் ஒரு பக்கம் இறங்கியிருக்கு?"

"அது கண்மை சார்."

"இந்தம்மா யாரு?"

"எதிர்வீட்டு அக்கா சார். எங்க மாமியாரா நடிச்சாங்க."

அதோடு முடிந்தது. போலிக் கல்யாணம் என்று முத்திரை குத்தாத குறையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"பச்சைக் குழந்தைங்க அது. பொய் சொல்லத் தெரியல பாவம்" என்று தெருவே உச்சுக்கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் உச்சுக்கொட்டவில்லை. தங்கள் பையன் பெயர் அங்கே கெட்டுவிட்டது என்று குதித்தார்கள். பேச்சு வார்த்தையாகி, வார்த்தை வக்கீலாகி, கடைசியில் கல்யாணம் அந்தப் படங்களைப் போலவே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு போட்டோக்காரரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. "அவர் எடுத்தா படமும் நிலைக்காது, கல்யாணமும் நிலைக்காது" என்று யாரோ சொன்னது தெருவில் நிலைத்துவிட்டது. ஸ்டூடியோவில் ஒரு நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை, பாஸ்போர்ட் சைஸ் படம் என்று பிழைப்பு சுருங்கியது. விளக்குகளை விற்றார். மச்சான் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போனான். அங்கே யாரிடமோ கைகட்டி வேலை பார்க்கிறான் என்று கேள்வி. போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. இன்றுவரை பேச்சு இல்லை.

பெண் வீட்டிலேயே முடங்கிக் கிடக்காமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள மாடிக் கடைக்குப் போனாள். அப்புறம் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். அப்புறம் கம்ப்யூட்டர் டாக்டரையே கட்டிக்கொண்டாள். பதிவு ஆபீஸில் கையெழுத்து, அவ்வளவுதான். போட்டோ எடுக்க யாரையும் கூப்பிடவில்லை. ஒருமுறை பட்டது போதும் என்று தெரு புரிந்துகொண்டது. போட்டோக்காரர் வெறுங்கையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்தார்.

இப்போது கம்ப்யூட்டர் டாக்டருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பெண்டாட்டி, அம்மா எல்லோரும் கிளம்புகிறார்கள். விசாவுக்குப் படம் எடுக்க அந்த அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா. சிரிக்கக் கூடாது."

"உங்க கை நல்ல கை தம்பி. எனக்குத் தெரியாதா? தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." படம் எடுத்து முடித்ததும் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

மேடை. மாலை. மச்சினி. சிரிப்பில்லாத முகத்தில், இடது பக்கத்திலிருந்து மிருதுவாக விழும் வெளிச்சம். விற்றுவிட்ட அந்த விளக்கை அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஓரத்தில் நறுக்கிவிடப்பட்ட யாரோ ஒருவரின் தோள்.

"அம்மா, இது... எப்படி உங்ககிட்ட?"

"என்ன தம்பி, வீட்டு ஆளு உங்களுக்குத் தெரியாததா? அவ கொண்டுவந்து குடுத்த அன்னைக்கே என் மகன் கார்டோட முனையை அழிரப்பரால ரெண்டு தேய் தேச்சான், எல்லாம் திறந்துகிச்சு; யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தப் பொண்ணு அழுத அழுகை இருக்கே! அதே கார்டுதான் இப்ப என் போன்ல கிடக்கு, ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல. உங்க மச்சான் நல்ல சரக்காத்தான் வித்திருக்கான்."