வந்தவாசி பஸ்ஸில் ஒரு நிமிட வீட்டுப்பாடம்

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பஸ் ஒன்றை நான் ஒருமுறை கடத்தியிருக்கிறேன். ஊருக்கு ஊர் நிற்க வேண்டிய வண்டி, பாதி வழிக்கு மேல் எங்குமே நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. என் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வேகமாக மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

ஊருக்குள் செல்போன் வந்த புதிது அது. எனக்கு முப்பது வயது, பட்டுத்தறி நெய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறாவது மாதம், வேலூர் போகும் பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்தன, செத்துவிடுவேன் என்று தோன்றியது. கண்ணமங்கலத்தில் குதித்து இறங்கினேன். இறங்கிய ஐந்தாவது நிமிடம் எல்லாம் சரி. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே வந்துவிட்டது. மூன்று டாக்டர்கள் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் மூன்று பேரையும் நம்பவில்லை. பஸ் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன்.

வேறு தொழிலாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் மாட்டியிருப்பேன். நெசவுக்காரனுக்கு அந்தக் கவலை கிடையாது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தால், ஊர் அதைப் பயம் என்று சொல்லாது. தெருவில் இருந்த இளவட்டங்களுக்கெல்லாம் என்னைத்தான் உதாரணம் காட்டினார்கள். (உதாரண புருஷன் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.)

வளைகாப்பு முடிந்து என் மனைவி செல்வி வந்தவாசியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்தேன். பெண் குழந்தை பிறந்தது. நான் போகவில்லை. முகூர்த்தச் சேலை அவசரம் என்றேன். தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் கிடைக்கவில்லை என்றேன். காய்ச்சல், குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். சாக்குகள் தீர்ந்துபோய் மறுபடியும் முகூர்த்தச் சேலை என்றபோது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆடியில் யாருக்கய்யா முகூர்த்தம் என்று மாமனார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அப்பன் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போன பேர் வைக்கும் சடங்கை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முடிவு செய்துவிட்டு, அவர் போனில் கூப்பிட்டார்.

“மாப்ள, பத்தரைக்குள்ள பேர் வெக்கணும். வந்தா வாங்க. வரலன்னா, அப்பறம் எப்பவுமே வர வேணாங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ‘ங்க’வில்தான் இனி எந்தச் சாக்கும் செல்லாது என்று புரிந்தது.

இதற்கு ஒரு மாதம் முன்பே, மூன்றாவது டாக்டரின் தொல்லை தாங்காமல் நான் மனநல ஆலோசகரான ஒரு அம்மாவிடம் போக ஆரம்பித்திருந்தேன். வேலூரிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்து, ஒரு மருந்துக்கடை மாடியில் உட்காருவார். என்னைவிட வயதில் சின்னவர். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியேறுவேன். துண்டு போட்டதால்தான் தெருவே திரும்பிப் பார்த்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மா மந்திரமோ தாயத்தோ தரவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். நெஞ்சு படபடக்கிறது, ‘சாகப்போகிறேன்’ என்று நினைக்கிறேன், அந்த நினைப்பில் பயம் வருகிறது, பயத்தில் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. சுற்றிச் சுற்றி அதே. பிறகு என்னை ஒரு நிமிடம் வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடச் சொன்னார். விட்டேன். விரல் மரத்தது, தலை சுற்றியது, பஸ்ஸில் வந்த அத்தனையும் அந்த நாற்காலியிலேயே வந்தது. வேகமாக மூச்சு விட்டால் யாருக்கும் இப்படி ஆகும் என்றார். கூடவே ஒரு நிமிடம் அவரும் மூச்சு விட்டுக் காட்டினார். (மேலே வந்த மருந்துக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கினார்.)

வீட்டுப்பாடத்துக்கு ஒரு நோட்டுப் போட்டோம். ஒரு பத்தியில் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எத்தனை சதவீதம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அடுத்த பத்தியில் உண்மையில் நடந்ததை எழுத வேண்டும். பஸ்ஸுக்குப் பத்துப் படிகள். மூன்றாவது படி, நிற்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவது. தினமும் ஏறி ஏறி இறங்கியதில் கண்டக்டர்கள் என்னை ஜேப்படித் திருடன் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். பத்தாவது படி, தனியாக ஒரு ஊருக்குப் போவது, வழியில் வேண்டுமென்றே அந்த மூச்சை விட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு படியாகத்தான் போக வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றிலிருந்து பத்துக்குத் தாவினேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டில் எழுதினேன்: பஸ் நின்றுவிடும். எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். மானம் போய்விடும். நான் பஸ்ஸில் செத்துப்போவேன், தொண்ணூறு சதவீதம். எழுதிய வேகத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறியபோது, ஊருக்கு ஊர் நின்று போகும் அது பத்தரைக்குள் போய்ச் சேராது என்று நன்றாகவே தெரிந்தது.

பெரணமல்லூர் தாண்டியதும் வந்தது. எழுந்து இறங்கத்தான் கால் துடித்தது. இறங்கினால் பெண்டாட்டி பிள்ளை இல்லை. சரி, நாமே அதை வரவழைத்துவிடுவோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, முழு வேகத்தில் மூச்சு விட ஆரம்பித்தேன்.

பக்கத்தில் அரிசி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் இன்னா ஆச்சு என்று கேட்டார். ஒரு நிமிடம் முடியும்வரை நிறுத்தக் கூடாது என்பது விதி. அதனால் ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்ல ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினேன். பெரியவர் விரலைப் பார்த்தார், அது காட்டிய மேல்திசையைப் பார்த்தார், கண்டக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஒரு ஸ்பேனர். வலிப்பாக இருக்கும், இரும்பு கொடுங்கள் என்று யாரோ சொல்ல, டிரைவர் பெட்டியிலிருந்து எடுத்துத் திணித்தார்கள். ஒரு அம்மா முகத்தில் தண்ணீர் அடித்தார். நாலு பேர் என்னை சீட்டில் படுக்கவைத்து அமுக்கிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை, இது வீட்டுப்பாடம் என்றேன். பிதற்றுகிறான் என்றார்கள். சட்டைப்பையில் இருந்த நோட்டை விலாசத்துக்காக எடுத்த கண்டக்டர், அன்றைய பக்கத்தைப் படித்துவிட்டு வெளிறிப்போனார்.

“அண்ணே, எங்கியும் நிறுத்தாத, ஜல்தி போ. பஸ்ல செத்துப்போவேன்னு எழுதியே வெச்சிகினு வந்துகிறாரு.”

பஸ் பறந்தது. அதுவரை வந்தது ஒத்திகை. இப்போது அசல் பயம் வந்தது. இறங்க வேண்டும் என்று துடித்தேன். அந்த நாலு பேரும் விடவில்லை. அவர்கள் பிடியில் கிடந்தபடி சாவுக்காகக் காத்திருந்தேன். நெஞ்சு உச்சத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, நான் எதுவுமே செய்யாமல், தானாக இறங்க ஆரம்பித்தது.

வட்டம் போட்ட அன்றே ஆலோசகர் அம்மா இதைச் சொல்லியிருந்தார். பயம் ஏறினால் இறங்கியே தீரும், நீங்கள் அதற்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறீர்கள் என்று. அன்று என்னை இறங்க விடாததால்தான் அது இறங்குவதை முதல்முறையாகப் பார்த்தேன். ஊர் நெருங்கியபோது எனக்குப் பயமே இல்லை. முதுகு வலித்தது, பசித்தது.

ஆஸ்பத்திரியில் நாலாவது ஈசிஜி. டாக்டர் என் வீட்டுப்பாட விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை பஸ் ஏறும் முன் கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். வெளியே வந்தால், ஒரு பயணிகூட நகரவில்லை. நான் நடந்து வருவதைப் பார்த்த அரிசி மூட்டைப் பெரியவர், “ஒண்ணுமே இல்லியா?” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த மாமனார் நம்பருக்குக் கண்டக்டர் போன் போட்டிருந்தார். சடங்குக்கு வந்த சொந்தமெல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கியது. மூன்று மாதமாக நான் மனதில் போட்டு வைத்திருந்த வருகை வேறு: இஸ்திரி போட்ட சட்டை, கையில் வெள்ளிக் கொலுசு. நடந்ததோ, பொத்தானெல்லாம் திறந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஸ்பேனரோடு. செல்வி குழந்தையோடு ஓடி வந்தாள். எத்தனை நாளாக நெஞ்சு வலி என்று அழுதாள். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகூர்த்தச் சேலை பொய், காய்ச்சல் பொய், பஸ்ஸுக்குப் பயந்து தறிக்குழியில் ஒளிந்திருந்தேன் என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பொண்ணா பொறந்ததாலதான் நீங்க வரலன்னு நெனச்சிகினு இருந்தேங்க. மூணு மாசமா அதையேதான் நெனச்சேன்.”

நான் என் பயத்தை மட்டுமே பெரிய சமாச்சாரமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் மனசுக்குள் ஒரு நோட்டில் முதல் பத்தியை மட்டும் எழுதிக்கொண்டு, சோறு தண்ணி பிடிக்காமல், ஆளே பாதியாகி இருந்திருக்கிறாள். இரண்டாவது பத்தியை நிரப்ப வேண்டியவன் ஆரணியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையைத் தொடக் கையை நீட்டினேன். அது என்னைச் சட்டை செய்யாமல் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டது. மாமனார் மணியைப் பார்த்தார். பத்தரைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

“நேரம் இருக்குது மாப்ள, வாங்க,” என்றார்.

டிரைவரும் கண்டக்டரும் பேர் வைத்த வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். ஸ்பேனரை மறந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா நோட்டைப் படித்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் நின்றது, எல்லாரும் பார்த்தார்கள், மானமும் போனது, நாலாவது என்ன ஆச்சு என்று கேட்டார். அது மட்டும் நடக்கல மேடம் என்றேன். அந்த மூன்றும் நடந்தும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றார். பிறகு தாவியதற்காகத் திட்டி, மறுபடி நாலாவது படியிலிருந்து ஏற வைத்தார். முழுதாகச் சரியாக நாலைந்து மாதம் ஆனது. பாதியில் செல்வியும் வர ஆரம்பித்தாள். அவளுக்குத் தனி நோட்டு. இருவரும் துண்டு இல்லாமல் படியேறினோம். இப்போதும் எப்போதாவது பஸ்ஸில் நெஞ்சு படபடக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அது இறங்கட்டும் என்று இருந்துவிடுவேன்.

மாமனார் வீட்டில் எங்கும் நிற்காத பஸ்ஸுக்கு இன்றைக்கும் ‘மாப்ள வண்டி’ என்றுதான் பேர். என் மகள் வேலூரில் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் பரீட்சை நாளில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்ததாம். அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள்.

“அப்பா, லேட் ஆவுது. ஒரு நிமிஷம் மூச்சு வுட்டுப் பாக்கட்டா?”

கையில் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டேன்.