பாதி நாள் வேலைக்கு அப்பாவின் முழுப் பதில்

பிஸெர்ட்,
ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை

பாசத்துக்குரிய மகள் உல்ஃபாவுக்கு அப்பா தைய்யிப் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் உன் அம்மா விட்டுப்போன மல்லிகைச் செடியும் இறைவன் புண்ணியத்தில் நலம். ஸ்ஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் ஐந்து மாத மகாராஜா ஸக்கரியாவும் நலமாக இருக்க வேண்டும்.

பேறுகால விடுப்பு முடிகிறது, பாலூட்டும் நேரம் மட்டும் கேட்கவா, பாதி நாள் வேலைக்கே எழுதிக் கொடுக்கவா, வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், பாதி நாள் என்றால் பிரிவுத் தலைவர் பதவி வேறொருத்திக்குப் போய்விடும் என்று போனில் புலம்பினாய். முப்பத்தொரு வருடம் விடுப்புப் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் கேட்டாய். ஓய்வு பெற்றுப் பத்து வருடமானதில் அத்தனையும் மறந்துவிட்டது என்பதை மட்டும் அப்போது நான் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டு, நம் ஊர் ஆண்கள் வழக்கப்படி காதில் மல்லிகையைச் செருகிக்கொண்டு மூன்று மணிக்குப் பழைய ஆபீசுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. காவலாளி சிரிக்கிறான். "தைய்யிப் அண்ணே, இது ஜூலை. ரெண்டு மணிக்கே எல்லாரும் கடலுக்குப் போயாச்சு." கோடையில் ஒரே வேளைதான் ஆபீஸ் என்ற சுற்றறிக்கையை வருடா வருடம் சுவரில் குத்தியவன் நான்.

இன்று காலை ஏழரைக்கே போய் நின்றேன். என் பழைய நாற்காலியில் ஸிஹேம் என்ற பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. "பாலூட்டுற நேரம், ரெண்டு வேளை ஆபீஸ் இருக்குற மாசத்துல ரெண்டு மணி நேரம் மாமா. கோடையில ஒரு வேளைதானே, அதனால ஒரு மணிதான்" என்றாள்.

"ஏம்மா, கோடையில புள்ளைக்குப் பசி பாதியாயிடுமா?"

"இத எழுதினவங்க யாரும் பால் குடுத்திருக்க மாட்டாங்க மாமா."

பாதி நாள் வேலைக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருமாம். மூன்று வருடம் எடுக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். "ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நேரம்தான் பாதியாகும். மேசையில இருக்குற ஃபைல் பாதியாகாது" என்றாள்.

வெளியே வந்ததும் காபிக்கடையில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மோங்கி பிடித்துக்கொண்டான். சீட்டைக் கலைத்துக்கொண்டே அவன் சொன்னது: "இதுக்கெல்லாம் சட்டம் எதுக்குடா தைய்யிப்? நாம முழு நாள் இருந்தப்பவே பாதி வேலைதான பாத்தோம். அப்ப யாரும் சம்பளத்தப் பிடிக்கலியே." அவனை நம்பி முப்பது வருடம் இந்த நாடு நடந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்தபோது உன் அம்மா பஷீரா நினைவுக்கு வந்துவிட்டாள். எங்கள் ஆபீஸ் தொலைபேசி இணைப்பகத்தில் அவள் இருந்தாள், கைக்குழந்தையான நீ நம் பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்தாய். அவளுக்கும் பாலூட்ட வேளைக்கு ஒரு மணி நேரம் உண்டு. போக இருபது நிமிடம், வர இருபது, மிச்சம்தான் உனக்கு. துறைமுக ஓரமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பேன். திரும்பி வரும்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கை காட்டுவாள். அந்த ஜன்னலை இன்று பார்த்தேன், அட்டை வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: பாலூட்டும் நேரம் மட்டும் எடுத்துக்கொள். உன் அம்மா அப்படித்தான் சமாளித்து மேற்பார்வையாளர் வரை உயர்ந்தாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பதவியை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, ஸக்கரியாவின் நெற்றியில் ஒரு முத்தம். இறைவன் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

உன் அப்பா,
தைய்யிப்

பின்குறிப்பு: உறை தேடி உன் அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு விண்ணப்பம் இருந்தது, அவள் கையெழுத்தில். பாதி நாள் வேலை கேட்டு எழுதியது. காரணம் என்ற இடத்தில், "மகள் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிடுகிறாள்." கணவர் சம்மதம் என்ற இடத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே சிவப்பு மையில், "பணி நலன் கருதி நிராகரிக்கப்படுகிறது." அதுவும் என் கையெழுத்துதான். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் பேசிவிடுமோ என்று பயம், மகளே. அன்று சாயங்காலம் கூஸ்கூஸ் சட்டியை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "வீட்டுல சரின்னீங்க, ஆபீஸ்ல இல்லன்னீங்க. நான் இப்ப எந்த தைய்யிப்புக்குத் தட்டு வைக்கிறது?" நான் சிரித்தேன். அவள் பிறகு கேட்கவேயில்லை. காகிதத்தை மட்டும் கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடு. உன் மனம் பாதி நாள் என்றால் பாதி நாளுக்கே எழுதிக் கொடு, எந்த அப்பனையும் கேட்காதே. தபாலில் போட்டால் வியாழனுக்குள் வந்து சேராது. அதனால் நாளைக் காலை ரயிலில் இந்தக் கடிதத்தை நானே எடுத்து வருகிறேன். நீ ஆபீஸ் போகும் பாதி நாளுக்கு ஸக்கரியாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வருவது ஒரே தைய்யிப்தான், ஒரு தட்டு வைத்தால் போதும்.