அப்பாவின் மூணு மணித் தூக்கம்

"அபராதமா? எனக்கா? இருபது வருஷமா ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவனுக்கா? விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போறேன்!"

இது அப்பா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். (மூக்கால் பேசி, கடைசி வார்த்தையில் கியர் மாற்றினால் அப்படியே அவர்தான்.) செவ்வாய்க்கிழமை மதியம் மூணு பத்துக்கு அவருடைய பயிற்சிக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக நோட்டீஸ்.

"கட்டிட்டு விடுங்களேன்." இது அம்மா. (தலையணையில் பஞ்சு அடைக்கிற குரல்.)

"கட்டினா ஒத்துக்கிட்டதா ஆயிடும்டி! சிக்னல் தாண்டின வாத்தியார்கிட்ட எவன் பழக வருவான்?"

"கோர்ட்டுல போட்டோ காட்டுவாங்களாமே."

"காட்டட்டும்! மூணு மணிக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"தூங்குவீங்க."

"எங்க?"

"கார்ல."

"கார் எங்க இருக்கும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க முழிக்கும்போது வாசல்ல இருக்கும்."

"அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது!"

வீட்டுக்குள் எங்கள் சத்தம் ஆகாதாம். சாப்பிட்டதும் வாசலில் நிற்கும் காரில் ஏறி, வாத்தியார் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார். சமீபகாலமாக அவருக்கு வருகிற கனவுகள் பிரமாதம். டீயை ஆற விட்டுவிட்டு, கண் சொக்கச் சொல்வார்: "மரமெல்லாம் என்னைத் தாண்டி நீந்திப் போகுது. காத்து தலையைக் கோதிவிடுது. ஒரு பாலம்... கீழே தண்ணி மினுமினுக்குது. மேகத்து மேல மிதக்கறேன்."

"மேகம் எங்கயாவது குலுங்கிச்சா?" என்பாள் அம்மா அக்கறையாக.

"ரெண்டு தடவை!"

"சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

கோர்ட்டில் மின்விசிறியே கொட்டாவி விட்டுக்கொண்டு சுற்றியது. அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "ஐயா, மூணு மணிக்கு நான் தூங்கிட்டிருந்தேன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். என் மனைவியே சாட்சி."

"உண்மையாம்மா?" என்றார் நீதிபதி. (இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு குரல்.)

"சத்தியமாத் தூங்கினார், ஐயா."

திரையில் போட்டோ வந்தது. ஸ்டியரிங்கில் அம்மா. பக்கத்து சீட்டில் வாயைத் திறந்தபடி, பால் குடித்த குழந்தை மாதிரி அப்பா. பின் சீட்டில் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நான்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பாலம்..." என்றார் மெதுவாக.

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்காம்மா?" என்றார் நீதிபதி.

"அப்ப பழகுநர் லைசென்ஸ், ஐயா. பக்கத்துல லைசென்ஸ் உள்ளவர் உக்காந்திருக்கணும்னு சட்டம். உக்காந்திருந்தார்."

"முழிச்சிருக்கும்போது கேட்டிருக்கலாமே?"

"பதினாலு வருஷம் கேட்டேன். 'உனக்கு எதுக்குடி'ன்னார். தூங்கும்போது கேட்டேன், ஒண்ணும் சொல்லல."

அம்மாவுக்கு அபராதம். பிறகு நீதிபதி அப்பா பக்கம் திரும்பினார். "பயிற்சிக் கார்ல உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. மிதிக்க வேண்டியவர் நீங்க. தூங்கினேன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க, அதுவும் சாட்சியோட."

அப்பாவின் லைசென்ஸ் மூணு மாசத்துக்கு கோர்ட்டு மேஜை டிராயருக்குள் போனது.

வெளியே வந்ததும் அப்பா வெடித்தார். "இப்ப காரை யாருடி வீட்டுக்கு ஓட்டறது?"

அம்மா கைப்பையிலிருந்து புத்தம்புது லைசென்ஸை எடுத்தாள். போன வாரமே டெஸ்ட் பாஸாம். பின் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தாள்.

வழியெல்லாம் வெயில் மிதந்தது. கார் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. என் பக்கத்தில் அப்பா கண்ணை இமைக்கவேயில்லை. வளைவுக்கு வளைவு வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டே வந்தார்.

அம்மா கண்ணாடியில் பார்த்தாள்.

"அங்க பிரேக் இல்லீங்க."